சிக்னல் ஆப்: அரசே கேட்டாலும் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை

ஆறு வருடத்துக்கும் மேலாக சிக்னல் என்ற மெசேஜிங் ஆப்பைப் பயன்படுத்துகிறேன். ஸ்டிக்கர் எப்படி, வீடியோ கால் தெளிவாக இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து எழுதிய விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன, அவை தேவைப்படுகிறவர்கள் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். நான் இந்த ஆப்பை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடப் போகிறேன். அதிகாரம் கையில் உள்ள ஒருவர் வந்து, "இந்த ஆளைப் பற்றி உன்னிடம் இருப்பதையெல்லாம் கொடு" என்று கேட்டால் இது என்ன கொடுக்கும்?

ஊகிக்க வேண்டியதில்லை, பதில் ஆவணமாகவே இருக்கிறது. 2016-ன் முதல் பாதியில், அப்போது சிக்னலை நடத்திக்கொண்டிருந்த ஓபன் விஸ்பர் சிஸ்டம்ஸ் அமைப்புக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்திலிருந்து ஒரு கிராண்ட் ஜூரி சம்மன், அதாவது குற்ற விசாரணைக்காகத் தகவல் கேட்கும் கட்டாய உத்தரவு, வந்தது. இரண்டு தொலைபேசி எண்களைக் குறிப்பிட்டு, பெயர், முகவரி, மின்னஞ்சல், பணம் கட்டிய விதம், ஐபி பதிவுகள், குக்கீ விவரம் என்று ஒரு நீண்ட பட்டியல். கூடவே, இப்படி ஒரு சம்மன் வந்ததையே வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு வாய்ப்பூட்டு உத்தரவு. ஏசிஎல்யூ என்ற அமெரிக்க குடியுரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள் சண்டை போட்டதால் அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி பிறகு பொதுவெளிக்கு வந்தது. இரண்டு எண்களில் ஒன்றுக்கு சிக்னல் கணக்கே கிடையாது. இன்னொன்றுக்கு அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விஷயம்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எந்த நாளில் சர்வரோடு இணைந்தது. அவ்வளவுதான். 2021-ல் கலிஃபோர்னியா மத்திய மாவட்டத்திலிருந்து இன்னொரு சம்மன் வந்தபோதும் அதே இரண்டு விவரம்தான், அதுவும் கம்ப்யூட்டர் நேரத்தை எண்ணும் யூனிக்ஸ் எண்களாகவே போனது.

அந்தப் பதிலைப் படமாகப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வைச் சொல்லியே ஆக வேண்டும். சட்டத்தை மீறாமல், நீதிமன்றத்தை ஏமாற்றாமல், ஒன்றையும் ஒளிக்காமல், "எங்களிடம் இருப்பது இவ்வளவுதான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடிகிற ஒரு நிறுவனம். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்" என்று எல்லா நிறுவனமும்தான் முதல் பக்கத்தில் எழுதுகிறது, ஆனால் அது வாக்குறுதி. முதலாளி மாறினால், ஆட்சி மாறினால், மிரட்டல் பலமாக வந்தால் வாக்குறுதியும் மாறலாம். கையில் இல்லாத பொருளை யார் மிரட்டியும் பிடுங்க முடியாது. இந்த ஆப்பின் முதல் சிறப்பு, அதற்கு என்ன தெரியாது என்பதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம். நீங்கள் எழுதும் செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில்தான் திறக்கிறது, நடுவில் உள்ள சர்வருக்குச் சாவி கிடையாது. இதைத்தான் முனைக்கு முனை என்க்ரிப்ஷன் என்கிறார்கள். இந்தப் பூட்டு சிக்னலிடம் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. 2016 ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் இதே சிக்னல் நெறிமுறையை எல்லாருக்கும் கொண்டுவந்துவிட்டது. அதனால் "கடிதத்தை யாரும் படிக்க முடியாது" என்ற அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உறையின் மேல் எழுதியிருப்பதில் இருக்கிறது: யார் யாருக்கு அனுப்பினார், எத்தனை மணிக்கு, எத்தனை முறை, எந்தக் குரூப்பில் யார் யார். மெட்டாடேட்டா என்று சொல்வது இதைத்தான். சிக்னல் அதையும் முடிந்தவரை தன் கண்ணிலிருந்தே மறைத்துக்கொள்கிறது. 2018-ல் கொண்டுவந்த ஓர் ஏற்பாட்டின்படி அனுப்புகிறவர் பெயர் பெரும்பாலும் உறைக்கு உள்ளேயே போய்விடுகிறது, சர்வருக்கு யாரிடம் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். குரூப்பின் பெயர், அதில் இருப்பவர்கள், உங்கள் புரொஃபைல் படம் எதையும் சர்வரால் படிக்க முடியாது.

உறையின் மேல்பக்கம்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அமெரிக்காவின் உளவு அமைப்புகளான என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014-ல் ஒரு பொது விவாத மேடையில், மெட்டாடேட்டாவை வைத்தே ஆட்களைக் கொல்கிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முந்தைய வருடம், 2013 ஜூனில், என்எஸ்ஏ-வுக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்கள் வழியாக முதலில் வெளியே வந்ததும் இதுதான்: கோடிக்கணக்கான சாதாரண மக்களின் தொலைபேசி அழைப்புப் பட்டியல் தினமும் மொத்தமாக அள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. என்ன பேசினார்கள் என்பது அதில் இல்லை, யார் யாரோடு என்பது மட்டும்தான். 2015-ல் ஒரு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இதற்கு அரசு காரணம் காட்டிய சட்டம் இப்படி மொத்தமாக அள்ளுவதற்கு அனுமதி தரவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதாவது வருடக்கணக்கில் ஓர் அரசு தனக்குக் கொடுக்கப்படாத அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கிறது, யாராலும் கேட்க முடியவில்லை, ஏனென்றால் நடப்பதே யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் இரவு பதினொரு மணிக்குத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்தார், மறுநாள் காலை ஒரு வழக்கறிஞருக்கு, பிறகு தன் அம்மாவுக்கு. பேசியது ஒரு வார்த்தைகூடத் தெரியாமலே அவர் வாழ்க்கையில் பாதியைப் படித்துவிடலாமே.

பயன்படுத்திப் பார்த்த அனுபவத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சத்தைப் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு, ஐந்து ஐந்து இலக்கமாகப் பன்னிரண்டு தொகுதி, மொத்தம் 60 இலக்கம். இரண்டு பேர் போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கவில்லை என்று பொருள். நேரில் இருந்தால் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும். என் அக்கா வேறு நாட்டில் இருக்கிறாள். அவள் போன் மாற்றிய அன்று எங்கள் உரையாடலின் நடுவே, பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்று ஒரு சின்ன வரி வந்தது. சரி, ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"ஏண்டா, நான் நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

"நீதான்னு தெரியும்க்கா, நடுவுல வேற யாரும் இல்லைன்னு தெரியணும்."

ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு அவள் ஐந்து ஐந்தாகப் படித்தாள், நான் என் திரையில் பார்த்து "ம்" என்றேன், ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அவள் பென்சிலால் ஒரு டிக் போட்டாள். ஒன்பதாவது தொகுதியில் ஓர் எண்ணை மாற்றிப் படித்துவிட்டாள், என் நெஞ்சு ஒரு நொடி திக்கென்றது, பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள், சரியாக இருந்தது. மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடத்துக்கு எந்த நிறுவனத்தையும், எந்த அரசையும், எந்த அதிகாரியின் நல்ல மனதையும் நாங்கள் நம்ப வேண்டியிருக்கவில்லை. நானும் அவளும், ஒரு காகிதமும் பென்சிலும், அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகுதான் அவள் தன் உடம்புக்கு வந்திருந்த ஒரு விஷயத்தை என்னிடம் எழுதினாள், வீட்டில் வேறு யாருக்கும் அப்போது சொல்லியிருக்கவில்லை.

அண்ணன் வேறு கட்சி. சிக்னலுக்கு வாருங்கள் என்று சொன்னபோது, "நாம என்னடா தப்பு செய்யறோம், மறைக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். உலகத்தில் எல்லா மொழியிலும் எல்லாரும் கேட்கும் கேள்வி அது, அதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் நேர்மையாக வாழ்கிறவர்கள்தான் அதைக் கேட்கிறார்கள். ஆனால் அதே அண்ணன் டாக்டரிடம் பேசும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். குற்றம் செய்வதற்காகவா சாத்துகிறார்? அது அவருடைய விஷயம், அதனால் சாத்துகிறார். அந்தக் கதவை ஏன் சாத்தினாய் என்று யாருக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறக்க வேண்டும் என்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு நீதிபதியிடம், இன்ன ஆள், இன்ன குற்றம், இன்ன ஆதாரம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். "மறைக்க என்ன இருக்கிறது" என்ற கேள்வி இந்த வரிசையையே தலைகீழாக்குகிறது, காரணம் சொல்லும் பாரத்தைக் கதவைச் சாத்தியவன் தலையில் ஏற்றிவிடுகிறது.

இது இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த பேச்சு என்று நினைக்க வேண்டாம். 1762 நவம்பரில் இங்கிலாந்தில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசனின் ஆட்கள் நான்கு பேர் நுழைந்தார்கள். கையில் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு எழுதிக் கொடுத்த ஒரு வாரண்ட். அரசை விமர்சித்த ஓர் இதழில் எழுதியவர் என்பதுதான் என்டிக் மீதான புகார். நான்கு மணி நேரம் பூட்டுகளை உடைத்து, பெட்டிகளையும் இழுப்பறைகளையும் திறந்து, காகிதம் காகிதமாகப் படித்துவிட்டு, வேண்டியதை அள்ளிக்கொண்டு போனார்கள். என்டிக் சும்மா இருக்கவில்லை, அத்துமீறி நுழைந்ததாக அந்த ஆட்கள் மீதே வழக்குப் போட்டார். 1765-ல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு சொன்ன தீர்ப்பின் சாரம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது: காகிதங்கள் ஒருவனுக்கு மிகவும் அருமையான உடைமை, அவற்றை இப்படி எடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, காட்டு, காட்ட முடியாவிட்டால் அது சட்டமே இல்லை. ஆட்சிக்கு அவசியம் என்று சொல்வதாலேயே ஓர் அதிகாரம் பிறந்துவிடாது. குடிமகன் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம், அரசோ சட்டம் அனுமதித்ததை மட்டும்தான் செய்யலாம். காரணமில்லாத சோதனையையும் பறிமுதலையும் தடுக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்துக்குப் பின்னணியில் இந்த வழக்கும் இருக்கிறது.

என்டிக் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு மணி நேரம் ஆனது. அந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பாக இருந்தது, ஊரில் உள்ள எல்லார் வீட்டையும் இப்படிக் குடைய எந்த அரசனிடமும் ஆள் இல்லை. இன்று ஒரு சர்வரில் எல்லாம் குவிந்து கிடந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பூட்டு உடையும் சத்தம்கூடக் கேட்காது, உங்கள் பெட்டி திறக்கப்பட்டதே உங்களுக்குத் தெரியாது. தெரியாத அத்துமீறலை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது? சிக்னல் போன்ற ஒரு கருவி அந்தப் பழைய சிரமத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்றுதான் நான் பார்க்கிறேன். புலனாய்வையே முடியாததாக்கிவிடவில்லை. உண்மையான சந்தேகம் இருந்தால் வாரண்டோடு வந்து அந்த ஒருவரின் போனை எடுத்துப் பார்க்கும் வழி திறந்தே இருக்கிறது. மொத்தமாக எல்லாரையும் வலைபோட்டு இழுக்கும் வழிதான் அடைபடுகிறது.

இதனால்தான் அரசுகளுக்கு இது உறுத்துகிறது, உறுத்தல் புதிதும் இல்லை. 1993-ல் அமெரிக்க அரசு கிளிப்பர் சிப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது: தொலைபேசிக்குப் பூட்டு உண்டு, ஆனால் மாற்றுச் சாவி அரசிடம் இருக்கும். அடுத்த வருடமே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அந்த ஏற்பாட்டில் ஓட்டை இருப்பதைக் காட்டினார், சில வருடங்களில் திட்டமே கைவிடப்பட்டது. மாற்றுச் சாவி ஆசை மட்டும் போகவில்லை. ஆஸ்திரேலியாவில் 2018-ல், பூட்டிய செய்திகளைப் பார்க்க நிறுவனங்களை உதவச் சொல்லும் ஒரு சட்டம். இந்தியாவில் 2021 விதிகளில், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று பெரிய மெசேஜிங் சேவைகள் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனை, அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எல்லார் செய்திக்கும் முன்கூட்டியே அடையாளம் போட்டாக வேண்டும். பிரிட்டனில் 2023-ன் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம். அது மசோதாவாக இருந்தபோது, என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் அந்த நாட்டை விட்டே வெளியேறிவிடுவோம் என்று சிக்னலின் தலைவர் மெரிடித் விட்டேக்கர் சொன்னார். ஒரு நிறுவனம் தன் பயனாளர்களை இழந்தாலும் பரவாயில்லை, பூட்டைத் தளர்த்த மாட்டேன் என்று சொல்வதை நான் வேறு எங்கும் அடிக்கடி பார்த்ததில்லை. 2025 பிப்ரவரியில் அதே பிரிட்டனில், பூட்டிய தரவைத் திறக்கும் வழி கேட்ட அரசின் ரகசிய உத்தரவைப் பற்றிய செய்தி வெளியான பிறகு, ஆப்பிள் தன் கிளவுட் சேமிப்பான ஐகிளவுட்டின் மிகப் பலமான பாதுகாப்பை அங்குள்ளவர்களிடமிருந்து விலக்கிக்கொண்டது.

கொல்லைப்புறக் கதவு வைத்தால் அதில் நல்லவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று எந்தத் தச்சனாலும் உறுதி சொல்ல முடியாது. கிரீஸில் 2004, 2005 வாக்கில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த வசதியையே யாரோ ரகசியமாகக் கைப்பற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட போன்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் பிரதமர் போனும் ஒன்று. 2024-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்ற பெயரில் அறியப்படும், சீனாவோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் குழு புகுந்தபோதும் அவர்கள் கை வைத்தவற்றில் நீதிமன்ற அனுமதியோடு ஒட்டுக்கேட்க வைத்திருந்த அமைப்புகள் உண்டு. அதே வருட டிசம்பரில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையே, முக்கியப் பொறுப்பில் உள்ளவர்கள் சிக்னல் போன்ற முனைக்கு முனை பூட்டிய செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று எழுத்தில் அறிவுரை கொடுத்தது.

குழந்தைகள் விஷயத்தைத் தொடாமல் போனால் நேர்மையாக இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முன்வைக்கப்பட்ட சட்ட வரைவு, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைக் கண்டுபிடிக்க, செய்தி பூட்டப்படும் முன்பே போனிலேயே சோதிக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் என்பதால்தான் இத்தனை எதிர்ப்பு. அந்தக் குற்றம் கொடியது, அதைச் செய்கிறவனைப் பிடிக்க காவல்துறைக்கு ஆளும் பணமும் திறமையும் தாராளமாகக் கொடுக்க வேண்டும், எனக்கு அதில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் சந்தேகத்துக்குரிய ஒருவரைத் தேடுவது வேறு, ஒவ்வொருவர் போனுக்குள்ளும் ஒரு பரிசோதகரை நிரந்தரமாகக் குடிவைப்பது வேறு. அந்தப் பரிசோதகரின் கையில் ஒரு பட்டியல் இருக்கும், பட்டியலில் என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது, இன்றைக்கு அதில் கொடுமைப் படங்கள் மட்டும் இருக்கலாம், நாளை வேறு ஓர் ஆட்சி ஒரு கார்ட்டூனைச் சேர்த்தால் நமக்குத் தெரியவா போகிறது? ஆப்பிள்கூட 2021-ல் இப்படி ஒரு திட்டத்தை அறிவித்து, எதிர்ப்பு வந்து, 2022 டிசம்பரில் கைவிட்டது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஆப்பின் எல்லையைச் சொல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு ஆபத்து. சிக்னல் வழியில் போகும் கடிதத்தைக் காக்கிறது, கடிதம் வந்து சேர்ந்த வீட்டைக் காப்பதில்லை. போன் திறந்த நிலையில் இன்னொருவர் கையில் கிடைத்தால் எல்லாம் அவர் கண்முன்னே இருக்கிறது. பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள் போனுக்குள்ளேயே புகுந்துவிட்டால் நீங்கள் படிப்பதை அதுவும் படிக்கும். எதிர்முனையில் இருப்பவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் எந்தக் கணிதமும் உதவாது. பிரிட்டனில் 2000-ம் ஆண்டுச் சட்டத்தின்படி சாவியை, அதாவது கடவுச்சொல்லை, கேட்டுக் கொடுக்காவிட்டால் அதுவே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்த இடங்களில் ஆப்பால் ஒன்றும் செய்ய முடியாது, நல்ல சட்டமும் அஞ்சாத நீதிமன்றமும் கேள்வி கேட்கும் மக்களும்தான் காப்பாற்ற வேண்டும். 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைது செய்யப்பட்டவரின் போனைக்கூட வாரண்ட் இல்லாமல் துழாவக்கூடாது என்று ஒருமனதாகச் சொன்னதே, அதைப் போன்ற தீர்ப்பு இல்லாத நாட்டில் சிக்னல் வைத்திருப்பவர் பாதி பாதுகாப்போடுதான் இருக்கிறார். அப்புறம் ஓர் அரசு ஆப்பையே முடக்கிவிடலாம். ஈரான், சீனாவில் 2021-ல் அப்படி நடந்தது, 2024 ஆகஸ்டில் ரஷ்யாவிலும் வெனிசுவேலாவிலும். அதற்கு மாற்றாக ப்ராக்ஸி வசதி இருக்கிறது, திறந்த நாட்டில் உள்ள எவரும் ஒரு சின்ன சர்வரை ஓட்டி, முடக்கப்பட்ட நாட்டில் உள்ளவர்களுக்கு வழி கொடுக்கலாம். முகம் தெரியாத ஒருவருக்காக இன்னொருவர் கதவைத் திறந்து வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் மிக உயர்ந்த அதிகாரிகள் யேமன் மீதான தாக்குதலைப் பற்றி ஒரு சிக்னல் குரூப்பில் பேசிக்கொண்டதும், ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாக அதில் சேர்த்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. தவறாகச் சேர்த்ததைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். என்னைக் கோபப்படுத்தியது வேறு: அந்தக் குரூப்பில் சில செய்திகள் ஒரு வாரத்திலும் சில நான்கு வாரத்திலும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். போர் முடிவுகளைப் பற்றிய பேச்சு அது, மக்களின் பெயரால் எடுக்கப்பட்டது, பதிவாக இருக்க வேண்டியது. நானும் அக்காவும் பேசுவது அழியலாம், அது எங்கள் சொத்து. அமைச்சர்கள் பேசுவது அவர்கள் சொத்து இல்லை. கருவி ஒன்றுதான், கை மாறினால் நியாயமும் மாறுகிறது.

புதிதாக நிறுவுகிறவர்கள் முதல் நாளே செய்துவிட வேண்டிய சில விஷயங்கள். பதிவுப் பூட்டைப் போடுங்கள், அப்போதுதான் உங்கள் எஸ்எம்எஸ் குறியீடு வேறு யார் கைக்குப் போனாலும் பின் நம்பர் இல்லாமல் உங்கள் கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது. 2022-ல் சிக்னல் பயன்படுத்திய ஒரு வெளி நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் சுமார் 1,900 பேரின் எண்கள் அம்பலமாகியிருக்கலாம் என்று சிக்னலே அறிவித்தது, அந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது இந்தப் பூட்டுதான். நோட்டிஃபிகேஷனில் பெயரும் செய்தியும் தெரியாதபடி வையுங்கள். தானாக அழியும் நேரத்தை எல்லாப் புதிய உரையாடலுக்கும் பொதுவாக வைத்துவிடலாம், நான் நான்கு வாரம் வைத்திருக்கிறேன், பேச்சு என்பது பேசி முடிந்ததும் காற்றில் போவதுதானே காலகாலமாக வழக்கம். 2025-ல் வந்த கிளவுட் பேக்கப்பை வேண்டுமென்றால் மட்டும் இயக்கலாம், அதற்கு 64 எழுத்துள்ள மீட்புச் சாவி ஒன்று கொடுப்பார்கள், அதைத் தொலைத்துவிட்டால் சிக்னலாலும் திருப்பி எடுத்துத் தர முடியாது. அதை ஒரு குறையாகச் சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது.

குறைகளில் எனக்கு உண்மையாகவே உறுத்துவது தொலைபேசி எண். 2024-ல் பயனர் பெயர் வந்துவிட்டது, எண்ணைக் காட்டாமலே பேச முடிகிறது, பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கணக்கு தொடங்க இன்னும் ஓர் எண் தேவை. பல நாடுகளில் சிம் கார்டு அடையாள அட்டையோடு கட்டப்பட்டிருக்கிறது, அதனால் நீங்கள் யாரிடம் என்ன பேசினீர்கள் என்று தெரியாவிட்டாலும் உங்களிடம் சிக்னல் இருக்கிறது என்பது தெரிந்துவிடலாம், சில ஆட்சிகளுக்கு அந்த ஒரு தகவலே போதும். எண் இருந்தால் தொல்லை கொடுக்கும் போலிக் கணக்குகள் குறையும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம், அதைப் புரிந்துகொள்கிறேன், ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அடுத்தது, எல்லாமே ஒரே அமைப்பின் கையில் இருப்பது. 2018-ல் தொடங்கிய, நன்கொடையில் ஓடும், லாபநோக்கற்ற அறக்கட்டளைதான், நல்லவர்கள்தான். ஆனால் 2025 அக்டோபரில் அமேசான் கிளவுட் ஒருநாள் படுத்தபோது சிக்னலும் சேர்ந்து படுத்தது.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அந்த அரையை எண் இல்லாமல் கணக்கு தொடங்க விடும் நாளில் சேர்த்துக்கொள்கிறேன். அண்ணன் போன மாதம் சிக்னலை நிறுவிவிட்டார். அடுத்த முறை நேரில் பார்க்கும்போது க்யூஆர் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும், அதுவரை அவர் பெயருக்குக் கீழே "சரிபார்க்கப்பட்டது" என்ற சொல் வராது.